மாரி தொடங்குமுன் ஒரு தீர்மானம் வேண்டும்: கிழக்கின் பல்கலைக்கழக மூதவைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உபவேந்தர்களுக்கும் பீடாதிபதிகளுக்கும் மூதவை உறுப்பினர்களுக்கும்,

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒருசேர இம்மடலை எழுதுகிறேன். இரண்டும் வெவ்வேறு மாவட்டங்களில் இருந்தாலும், அவற்றின் கற்பித்தலை நிறுத்திவைக்கும் வெள்ளமும் எரிபொருள் தட்டுப்பாடும் நாடு தழுவிய முடக்கமும் ஒன்றேயாதலால், ஒரே மடலாக எழுதுவது பொருத்தம் என நினைத்தேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரு பல்கலைக்கழகங்களும் தாம் நடத்தும் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பகுதியை, மாணவர் வளாகத்துக்கு வராமலும் இடையறாத இணைய இணைப்பு இல்லாமலும் கற்கக்கூடிய விதத்தில், நெருக்கடி எதுவும் இல்லாத காலத்திலேயே வடிவமைத்து, அதை ஒவ்வோர் ஆண்டும் வழமையான கற்பித்தலின் அங்கமாகவே நடத்த வேண்டும். வரும் மாரிக்கு முன்னர் அதற்கான தீர்மானத்தை, கல்வி விடயங்களை முடிவுசெய்யும் சபைகளான மூதவைகள் எடுக்க வேண்டும்.

பல ஆண்டுகள் வருகைதரு விரிவுரையாளராகக் கற்பித்தவர் என்ற முறையிலும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் என்ற முறையிலும் இவ்விடயத்தை இரு பக்கமும் இருந்து பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுந்த கவலைதான் இதை எழுதவைக்கிறது.

நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றை நெருக்கடிகளை விட்டுவிட்டு எழுத முடியாது. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் வந்தாறுமூலை வளாகம், அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், 1990இல், சுற்றுக் கிராமங்களின் மக்கள் உயிர்தப்பத் தஞ்சம் புகுந்த அகதிமுகாமாக மாறியது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்ததே ஒரு கற்றல் தடையிலிருந்துதான். போர்ச் சூழலில் வந்தாறுமூலைக்குச் சென்று படிப்பைத் தொடர முடியாமற்போன மாணவர்களுக்காக 1995இல் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாக அது ஆரம்பிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் வர முடியாத இடத்தில் படிப்பு மாணவரைத் தேடிப் போக வேண்டும் என்பதை இந்தப் பிரதேசம் அன்றே செய்து காட்டியிருக்கிறது.

அதன் பின்னரும் தடைகள் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை கரையோரத்தைச் சிதைத்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் நாடெங்கும் வளாகங்கள் மூடப்பட்டன. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாப் பரவலால் விடுதிகள் காலியாகின. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலங்கள் வரை நீண்ட மின்வெட்டும், பெற்றோலும் டீசலும் இல்லாத வீதிகளும் மீண்டும் நம்மை வீட்டில் இருத்தின. 2024 மே மாதத்தில் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. அதே ஆண்டு நவம்பரில் பெருவெள்ளம். மறு ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி. கிழக்கில் கற்பித்தல் தடைப்படுவதை எதிர்பாராத நிகழ்வு என்று இனியும் சொல்வதற்கில்லை. அது சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும், சில வேளை ஒரே ஆண்டில் இரு முறையும் நிகழ்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் முறை நேர்ந்தது போலவே அவசரக் கூட்டம் கூடி, அவசரச் சுற்றறிக்கை அனுப்பி, நிலைமை சீரானதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்.

2020இல் நடந்ததைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு சில வாரங்களுக்குள் சூம் வசதியை நாடெங்கும் உள்ள விரிவுரையாளர்களுக்குத் திறந்துவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள், பாடப்பொருள்கள் வைக்கப்படும் இணையத்தளங்களான பல்கலைக்கழகங்களின் கற்றல் முகாமைத்துவத் தளங்களைக் கட்டணமின்றி அணுக இடமளித்தன. அதுவரை கணினி வழியே ஒரு வகுப்பும் எடுத்திராத பேராசிரியர்கள் தம் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கேட்டுப் பழகிக்கொண்டு வகுப்பெடுத்தார்கள். அந்த உழைப்பு நன்றிக்குரியது. எனினும் அன்று நடந்தது அவசரகாலத் தொலைக் கற்பித்தல். மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் பேசவிருந்ததையே திரையின் முன் இரண்டு மணித்தியாலம் பேசினோம். அதற்கும், வீட்டில் கற்பதையும் வளாகத்தில் கற்பதையும் முன்கூட்டியே திட்டமிட்டு இணைக்கும் கலப்புக் கற்றலுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. 2020இன் கசப்பை வைத்துக் கலப்புக் கற்றலை எடைபோடுவதே இன்று நம் பல்கலைக்கழகங்களில் இதற்கெதிராக இருக்கும் மிகப் பெரிய தடை என்பது என் கணிப்பு.

அந்தக் கசப்பு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து என் வகுப்பில் இணைந்த மாணவி ஒருவரின் வீட்டில் ஒரே ஒரு கைபேசி இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கும் அதுவே தேவைப்பட்டது. வீட்டுக்குள் சிக்னல் வராததால், வெயில் தாழ்ந்த பின் நடக்கும் வகுப்புகளுக்குக் குளக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். தாயாரோ அண்ணனோ துணைக்கு வந்தால்தான் அதுவும் முடியும். பேச்சு பாதியில் அறுந்து, மீண்டும் இணைவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். இடையில் நான் காட்டிய வரைபடம் அவருடைய திரைக்கு வரவேயில்லை. ‘விளங்கவில்லை’ என்று அவர் எழுதி அனுப்பிய செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் அடுத்த அலகுக்குப் போய்விட்டிருந்தேன். வரவுப் பதிவேட்டின்படி அவர் வகுப்புக்குச் சமுகமளித்திருந்தார். அந்தப் பதிவேட்டை நம்பி நாங்கள் பாடம் முடிந்துவிட்டதாகக் கணக்கு வைத்தோம்.

கணக்கு என்றால் இந்தக் கணக்கையும் பாருங்கள். கூட்டமாக இணையும் காணொளி வகுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி அளவு டேட்டாவை இழுக்கும். அதே பாடத்தின் சாரத்தை இருபது நிமிடக் குரல்பதிவாக, விநாடிக்கு 32 கிலோபிட் தரத்தில் சேமித்தால், கோப்பின் அளவு ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். பேச்சுக் குரலுக்கு அந்தத் தரம் தாராளமாகப் போதும். அதனோடு ஆறு பக்கக் குறிப்பும் தெளிவான இரண்டு படங்களும் சேர்ந்தாலும் பத்து எம்பியைத் தாண்டாது. சிக்னல் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அதை இறக்கிவைத்துக்கொண்டு, மின்சாரம் போன இரவிலும் கேட்கலாம். தம்பி கைபேசியைத் திருப்பித் தந்த பிறகும் கேட்கலாம். விளங்காத இடத்தை மூன்று முறையும் கேட்கலாம். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகையின் மாதத் தவணை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5000 ரூபாயிலிருந்து 7500 ரூபாயாக உயர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் அந்தப் பணத்தில் சாப்பாடும் பஸ் கட்டணமும் போட்டோப் பிரதியும் போக, நேரடிக் காணொளிக்கு மாதந்தோறும் செலவிட எவ்வளவு மிஞ்சும் என்பதை மாணவரிடம் கேட்டாலே தெரியும்.

இணைப்பு அறுந்தாலும் அறுபடாத வடிவத்தையே நான் கேட்கிறேன். அதற்கான இடம் நம் சொந்த ஒழுங்குவிதிகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப் புள்ளி (கிரெடிட்) என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அதில் நேரடி விரிவுரை ஏறத்தாழ 15 மணித்தியாலம் மட்டுமே. மூன்று புள்ளிப் பாடமென்றால் 150 மணித்தியாலம். மண்டபத்தில் நடப்பது 45. எஞ்சிய 105 மணித்தியாலத்தில் மாணவர் என்ன செய்கிறார், எதை வாசிக்கிறார், யாரிடம் ஐயம் கேட்கிறார் என்பதைப் பெரும்பாலான பாடத்திட்டங்கள் அவருடைய தலைவிதிக்கே விட்டுவிடுகின்றன. ‘சுயகற்றல்’ என்று ஒரு வரி எழுதியிருக்கும், அவ்வளவுதான். கற்றல் முகாமைத்துவத் தளத்தைத் திறந்தால் பவர்பொயின்ட் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும்; அவற்றை எந்த வரிசையில், எந்தக் கேள்வியை மனதில் வைத்துப் படிப்பது என்பதற்கு அங்கே வழிகாட்டல் இராது. கலப்புக் கற்றல் தொடங்க வேண்டிய இடம் அந்த 105 மணித்தியாலம். அதை அமைதிக் காலத்தில் ஒழுங்குபடுத்திவிட்டால், வளாகம் மூடப்படும் நாளில் நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமிராது.

ஒரு வாரத்தை எடுத்துக் காட்டினால் நான் சொல்வது தெளிவாகும். விவசாயப் பீடத்தின் முதலாண்டு மண் விஞ்ஞானத்தில் மண்ணின் இழையமைப்பு, அதாவது அதில் மணலும் அடையலும் களியும் கலந்திருக்கும் அளவு, என்றோர் அலகு உண்டு. வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும் ஒரு வாரத்தில் மாணவர் வீட்டிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு குரல்பதிவுகளும் நான்கு பக்கக் குறிப்பும் முன்கூட்டியே கைபேசியில் இருக்கின்றன. நேரான பக்கங்களுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து, மூன்றிலொரு பங்குக்குத் தன் வீட்டு வயலின் மண்ணை இட்டு, நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளி சேர்த்து, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைக்கிறார். ஒரு நிமிடத்தில் மணல் படிந்துவிடும். அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுகிறார். இரண்டு மணித்தியாலத்தில் அடையல் படியும், இன்னொரு கோடு. களி படிய ஒரு நாளுக்கு மேல் செல்லும், சில மண்ணில் நீர் தெளிய இன்னும் பல நாள் ஆகும். அடிமட்டத்தால் மூன்று படைகளையும் அளந்து, வீதங்களைக் கணித்து, மண் வகைகளைக் காட்டும் முக்கோணி வரைபடத்தில் தன் மண்ணின் பெயரைக் கண்டுபிடிக்கிறார். போத்தலின் ஒரு படமும் ஒரு நிமிடக் குரல் விளக்கமும் சிக்னல் கிடைக்கும்போது வந்து சேர்கின்றன.

வளாகம் திறந்ததும் நாவிதன்வெளிப் போத்தலும் பொத்துவில் போத்தலும் வாகரைப் போத்தலும் பதுளை மலைச்சரிவின் போத்தலும் ஒரே மேசையில் வரிசையாக நிற்கும். அதன் பின் ஆய்வுகூடத்தில் திரவமானியைக் கொண்டு அதே மண்ணைத் துல்லியமாக அளந்து, வீட்டுக் கணிப்பு எவ்வளவு விலகியது, ஏன் விலகியது என்று பேசலாம். இத்தனை மாவட்டத்து மண்ணை ஒரே வாரத்தில் திரட்டித் தர எந்தத் துறையிடமும் வாகனமும் எரிபொருளும் கிடையாது. வீட்டில் நடந்த பகுதியும் வளாகத்தில் நடந்த பகுதியும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதைத்தான் நான் கலப்பு என்கிறேன். ஒன்று தடைப்பட்டால் மற்றதைப் பதிலுக்கு வைப்பதென்ற அளவில் அதைச் சுருக்கிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் இப்படி வீட்டுக்கு அனுப்பலாம் என்று நான் சொல்லவில்லை. தாதியியல் மாணவர் நோயாளியின் படுக்கையருகில்தான் பழக வேண்டும். இரசாயனப் பகுப்பாய்வைப் படம் பார்த்துக் கற்க முடியாது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவருக்குக் கூத்தின் தாளக்கட்டும் ஆட்டமும் ஆடுகளமான களரியில், கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரின் கண் முன்னால், உடம்பால் வர வேண்டியவை. ஆனால் அதே மாணவர் ஊரில் இருக்கும் நாள்களில் தன் கிராமத்து அண்ணாவியாரைச் சந்தித்து, வடமோடிக் கூத்தின் வரவுத் தாளங்களைப் பதிவுசெய்து, கொப்பியில் உள்ள பாட்டோடு ஒப்பிட்டு எழுதிவரலாம். கோட்பாடும் வரலாறும் வாசிப்பும் வீட்டில் முன்னேறியிருந்தால், வளாகம் திறந்ததும் கிடைக்கும் ஒவ்வொரு நாளையும் செய்முறைக்கே கொடுக்க முடியும். இப்போது நடப்பதோ நேர்மாறு: மூடியிருந்த வாரங்களின் விரிவுரைகளை ஈடுசெய்யவே திறந்த வாரங்கள் செலவாகி, ஆய்வுகூட வேலை பாதியாகக் குறைக்கப்படுகிறது. செய்முறையை நேசிக்கும் ஆசிரியர்கள்தான் இந்த மாற்றத்தை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நாட்காட்டியைப் பற்றி. வடகீழ்ப் பருவக்காற்று நம் இரு மாவட்டங்களுக்கும் ஆண்டு மழையின் பெரும்பங்கை நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே கொட்டிவிடுகிறது. கிட்டங்கித் தாம்போதியின் மேலால் நீர் பாய்வதும், கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி மூழ்கிப் படகுச் சேவை தொடங்குவதும், மாவடிப்பள்ளிப் பாதை மறைவதும் எவருக்கும் புதுச் செய்தியல்ல. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், மதரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. படிப்புக்காகப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பல்கலைக்கழக மாணவரும் இதே வீதிகளைத்தான் கடக்கிறார்கள். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு அமர முடியாது என்ற விதி, வானம் இருண்டிருக்கும் காலையிலும் அவர்களை வீட்டை விட்டு இறங்கச் செய்கிறது. இந்த விதியை எழுதியவர்கள் மாணவரின் நன்மையைத்தான் எண்ணினார்கள். ஆனாலும் அனர்த்த முகாமைத்துவ நிலையம் எச்சரிக்கை விடுத்த நாளில் மாணவர் வந்தாரா என்று பார்க்கும் பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்த நன்மையையும் காக்க முடியாது. அத்தகைய வாரங்களில் வரவுக்குப் பதிலாக, அவ்வார அலகின் பணியை முடித்து அனுப்பியதே கணக்கில் எடுக்கப்படும் என்று மூதவை ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். முழுத் திட்டத்திலும் பணச் செலவே இல்லாத பகுதி இதுதான். அதனாலேயே இதை முதலில் செய்துவிடலாம்.

தவணை பதினைந்து வாரங்கள் என்றால் மூன்று வாரங்களை வீட்டிலிருந்தே கற்கக்கூடியவாறு வடிவமைத்தால் போதும் என்பது என் முன்மொழிவு. 2020இல் ஏற்பட்ட பின்னடைவால் ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு நாட்காட்டி ஓடுவதை அறிவேன். ஒரு பீடத்தின் முதலாம் தவணை மாரியில் வந்தால் இன்னொன்றின் இரண்டாம் தவணை அதில் வரும். ஆகவே அந்த மூன்று வாரங்களுக்குரிய அலகுகள், முன்பின் மாற்றி எடுத்தாலும் பாடம் குழம்பாதபடி தனித்து நிற்பவையாகத் தெரிவுசெய்யப்பட வேண்டும். வெள்ளம் வந்தால் அவ்வாரமே அவை தொடங்கும். வராத ஆண்டில் தவணைக்குள் வசதியான வாரங்களில் நடக்கும். வராத ஆண்டிலும் நடத்துவதுதான் முக்கியம். ஆண்டுதோறும் பழகாத ஒன்றை இடர் வந்த நாளில் மாணவரும் ஆசிரியரும் புதிதாகப் பழகுவது எவ்வளவு துன்பம் என்பதை நாம் ஏற்கெனவே அனுபவித்துவிட்டோம்.

வெளிமாவட்ட மாணவருக்கு இது இன்னும் அவசியம். மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்போர், வளாகம் மூடப்படுவதாக அறிவித்தல் ஒட்டப்பட்ட அன்றே பையைக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் தோட்ட லயத்திலோ தூரக் கிராமத்திலோ போய்ச் சேர்ந்த பிறகு கோப்புகளை அனுப்புவதில் பயன் குறைவு. தவணை தொடங்கும் முதல் வாரத்திலேயே மூன்று வாரத்துக்குரிய பொருள் முழுவதும் அவர்கள் கைபேசியில் ஏறியிருக்க வேண்டும். வளாகத்தின் வைஃபை இருக்கும்போதே அதைச் செய்வதற்கு மாணவருக்கு எந்தச் செலவும் இல்லை. கற்றல் முகாமைத்துவத் தளத்துக்கான மென்பொருளாகிய மூடிலின் கைபேசிச் செயலியில், நிர்வாகி அதற்கேற்ப ஒழுங்குசெய்தால், பாடப்பொருளை இறக்கிவைத்து இணைப்பின்றி வாசிக்கலாம். வினாக்கொத்துக்கு விடையளித்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பலாம். பென்டிரைவில் பிரதி எடுத்துச் செல்ல விரும்புவோருக்கு அதையும், எதுவும் இல்லாதோருக்கு அச்சுப் பிரதியையும் துறை அலுவலகம் கொடுக்க வேண்டும். அச்சுப் பாடநூலை வீட்டில் படித்து, குறித்த நாள்களில் நிலையத்துக்கு வந்து கற்கும் முறையை 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நெடுங்காலமாக நடத்திவருகிறது. அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. கேட்டறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

குரல்பதிவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை விஞ்ஞானத்தையும் முகாமைத்துவத்தையும் இங்கே ஆங்கிலத்தில் கற்க வேண்டியிருக்கிறது. சிங்கள மொழிமூலம் வந்த பிள்ளைக்கும் அதே நிலைதான். மண்டபத்தில் ஒரு வசனம் பிடிபடாமல் போனால் அடுத்த பத்து வசனங்களும் காற்றோடு போய்விடும். கையுயர்த்திக் கேட்கக் கூச்சம். பதிவை நிறுத்தி, அகராதியைப் பார்த்து, மீண்டும் கேட்கக் கிடைத்தால் அந்தக் கூச்சத்தின் விலையை அந்தப் பிள்ளை கொடுக்க வேண்டியிராது. அலகுக்கு முப்பது கலைச்சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கி ஒரு பக்கம் இணைத்தால், அது நெருக்கடிக் காலத்துக்கு மட்டுமன்றி எக்காலத்துக்கும் உதவும்.

விரிவுரையாளர்களின் தரப்பையும் நான் மறக்கவில்லை. ஓர் அலகை இப்படிச் செம்மையாக ஆக்குவதற்கு, அதை மண்டபத்தில் பேசுவதைப் போல் பல மடங்கு நேரம் பிடிக்கும். பீடங்களில் வெற்றிடங்கள் நிரப்பப்படாமல், ஒருவர் இருவருடைய பாடங்களைச் சுமக்கும் காலம் இது. ஆகவே இந்த வேலையைத் தனிப்பட்ட ஆர்வத்துக்கு விட்டால், ஆர்வமுள்ள நால்வர் இரண்டு ஆண்டுகளில் களைத்துப்போவார்கள். அலகு ஆக்கத்துக்குச் செலவிடும் மணித்தியாலங்கள் வேலைப்பளுக் கணக்கில் சேர வேண்டும்; பதவியுயர்வுக்கான புள்ளிகளிலும் அதற்கு இடம் வேண்டும்; போதனாசிரியர் ஒருவராவது ஒவ்வொரு பீடத்திலும் இதற்கெனப் பொறுப்பளிக்கப்பட வேண்டும். பணியாளர் அபிவிருத்தி நிலையங்கள் மென்பொருளின் பொத்தான்களைக் காட்டித் தரும் செயலமர்வுகளைக் குறைத்து, ஒரு துறையின் ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து ஓர் அலகை ஆக்கி முடித்துவிட்டு எழும் செயலமர்வுகளை நடத்தலாம். பதிவின் உரிமை யாருடையது, ஆசிரியர் மாறிப்போன பின் அதைப் பயன்படுத்தலாமா என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

ஊழியர் போராட்டங்கள் பற்றியும் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கலப்புக் கற்றலை வேலைநிறுத்தங்களை முறியடிக்கும் கருவியாக எந்த நிர்வாகமும் பயன்படுத்தக் கூடாது. இயற்கை அனர்த்தம், தொற்றுநோய், போக்குவரத்தும் மின்சாரமும் முடங்குதல் ஆகியவற்றுக்கே இது என்று தீர்மானத்திலேயே வரையறுத்துவிடுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் சங்கங்கள் இதை ஐயத்தோடு பார்க்கும். பார்ப்பதில் நியாயமும் இருக்கும். அதேபோல, விடுதிகளும் மண்டபங்களும் போதாமையை மறைக்க இதை ஒரு திரையாக்கி, மாணவரை நிரந்தரமாக வீட்டில் இருத்தும் எண்ணம் எங்காவது எழுந்தால், அதை எதிர்ப்பவர்களில் நானும் ஒருவராக இருப்பேன்.

மதிப்பீட்டில் மோசடி பெருகும் என்று அஞ்சுவோர் உண்டு. வட்ஸ்அப் குழுவில் விடை பரவியதை 2020இல் எல்லோரும் கண்டோம். எல்லோருக்கும் ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் கொடுத்தால் அது நடக்கத்தான் செய்யும். தன் வயலின் மண், தன் ஊர்க் கடையின் கணக்கு, தன் கிராமத்தின் கூத்து என்று ஒவ்வொருவருக்கும் சொந்தத் தரவு இருக்கும் ஒப்படையைப் பிரதிபண்ணுவது கடினம். வளாகம் திரும்பியதும் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டால், யார் செய்தார், யார் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். இறுதிப் பரீட்சை வளாகத்திலேயே நடக்கட்டும். தொடர் மதிப்பீட்டின் ஒரு பங்கு மட்டும் இந்த அலகுகளிலிருந்து வரட்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு உங்கள் ஊடாக ஒரு வேண்டுகோள். 2020இல் பல்கலைக்கழகத் தளங்களுக்குக் கிடைத்த கட்டணமற்ற அணுகலை, அனர்த்தம் அறிவிக்கப்பட்டதும் தானாக நடைமுறைக்கு வரும் நிலையான ஏற்பாடாக்குமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுடன் பேச வேண்டும். அத்துடன் பிரதேச சபைகளின் பொதுநூலகங்களில், மின்பிறப்பாக்கியோ சூரிய மின்கலமோ உள்ளவற்றை மாணவர் வந்து கோப்பு இறக்கிச் செல்லும் இடங்களாக ஏற்பாடு செய்யலாம். வெல்லாவெளியிலும் வாகரையிலும் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் அத்தகைய ஓர் அறை இருந்தால் குளக்கட்டுக்குப் போக வேண்டியவர் எண்ணிக்கை குறையும்.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்கும்படி நான் கேட்கவில்லை. வரும் ஒக்டோபருக்கு முன்னதாக இரு மூதவைகளும் இதைத் தம் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, வரவு விதியின் திருத்தத்தை உடனடியாக நிறைவேற்றி, ஒவ்வொரு துறையும் இந்த ஆண்டில் ஒரு பாடத்தின் மூன்று வாரங்களையேனும் ஆக்கி முடிக்கும்படி பணிக்க வேண்டும். அந்தக் கூட்டங்களுக்கு மாணவர் பிரதிநிதிகளையும், இரு மாவட்டங்களின் அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகளையும், படுவான்கரையிலும் நாவிதன்வெளியிலும் இருந்து வரும் மாணவர் சிலரையும் அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். எடுக்கப்படும் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாணவர் அனைவருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். என் பாடத்துக்குரிய மூன்று அலகுகளையும் ஊதியம் எதுவுமின்றி ஆக்கித் தரவும், அவற்றை வேறு துறையினர் விரும்பியபடி மாற்றிப் பயன்படுத்த இடமளிக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வருகைதரு விரிவுரையாளர் ஒருவர்
மட்டக்களப்பு